வட்டமும் புள்ளியும் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஜியோகேச்சிங் நண்பர்களே,

ஜி.பி.எஸ். துணையோடு, பிறர் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் சுற்றிக்கொண்டிருந்த உங்களில் பலர் இப்போது பழைய சர்வே குறிகளின் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள். இதில் எங்களுக்கு மெய்யான மகிழ்ச்சி. தமிழ்நாட்டின் குன்றுகளிலும் கோயில் படிகளிலும் பழைய மதகுகளிலும் 19ஆம் நூற்றாண்டின் அளவைக் குறிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. தேடிப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். ஆனால் டப்பா தேடும் பழக்கத்தை அப்படியே கல்லுக்குக் கொண்டுவந்தால் கல்லும் கெடும், பதிவும் கெடும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றியது அமெரிக்காவில். 2000 மே 2ஆம் தேதி ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அங்குள்ள அரசு நீக்கியது. மறுநாளே முதல் டப்பா ஒளித்து வைக்கப்பட்டது. பிறகு அந்நாட்டு அளவை நிறுவனத்தின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிகளின் பட்டியல் விளையாட்டுக்குள் வந்து, 2023 வரை அதிகாரப்பூர்வ தளத்திலேயே இருந்தது. அங்கே ஒருவர் தவறாகப் பதிந்தாலும், ஒவ்வொரு குறிக்கும் உள்ள விவரத் தாளோடு ஒப்பிட்டு இன்னொருவர் திருத்திவிடலாம். விளையாடுபவர்களுக்கென்று அப்படி எடுத்துக் கொடுத்த பட்டியல் நம்மிடம் இல்லை. அளவைத் துறையின் பழைய அச்சுத் தொகுதிகள், டோப்போ ஷீட்டுகள் என்னும் பழைய நிலவரைபடத் தாள்கள், களத்தில் எஞ்சியுள்ள கல், இவ்வளவுதான் கையிருப்பு. ஆகவே நீங்கள் எழுதுகிற பதிவுதான் இங்கே பட்டியல். தவறாக எழுதினால் அந்தத் தவறே நிலைத்துவிடும்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த, பெரிய முக்கோண அளவை என்று தமிழில் சொல்லும் ஜி.டி.எஸ். விட்டுச்சென்ற குறிகள் இரண்டு வகை. ஒன்று முக்கோண அளவை நிலையம். இடம் எங்கே என்று சொல்வது அதன் வேலை. மற்றொன்று மட்டக்குறி, அதாவது பெஞ்ச்மார்க். கடல் மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு என்று சொல்வது அதன் வேலை. முன்னது பார்வை எட்டும் உச்சியில் இருக்கும். பின்னது சாலையோரம், பாலம், சர்ச், அலுவலகக் கட்டடம் என்று ஆள் நடமாடும் இடத்தில் இருக்கும். இரண்டையும் தேடும் முறை வேறு வேறு.

முக்கோண அளவைக்குத் தொடக்கம் நம் ஊர்தான். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு, அதாவது முக்கோணக் கணக்கு முழுவதற்கும் அடிப்படையாக நேரடியாக அளக்கும் கோடு, அளக்கத் தொடங்கினார். தெற்கு முனை பெரும்பாக்கம் குன்று. இரண்டரை அடிக் கண்ணிகள் 40 கோத்த 100 அடி எஃகுச் சங்கிலி. அதை 400 முறை விரித்து, மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பநிலை பார்த்துத் திருத்தம் போட்டு, 57 நாளில் அளந்து முடித்த நீளம் ஏழரை மைல், நம் கணக்கில் சுமார் 12 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முக்கோணங்கள் இதிலிருந்தே கிளம்பின. பிறகு 1860களிலும் 70களிலும், கன்னியாகுமரியில் புதிய அடிக்கோடு ஒன்றையும் சேர்த்து, தெற்குப் பகுதியை மறுபடி அளந்தார்கள். இந்த வரலாறு தேடுபவருக்கு நேரடியாகப் பயன்படும். ஒரே மலையில் இரண்டு காலத்து நிலையங்கள் சில அடி தள்ளியோ வேறு உச்சியிலோ இருக்க வாய்ப்புண்டு. "லாம்டன் கல்" என்று எழுதுவதற்கு முன் எந்தக் காலத்து விவரத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் "ஜி.டி.எஸ். நிலையம்" என்பதோடு நிறுத்துங்கள்.

டெல்டா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே குன்று கிடையாது. கோபுரங்களையும் விமானங்களையுமே நிலையமாகக் கொண்டார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தட்டிச் சீராக்கினார். இத்தகைய நிலையங்களில் நீங்கள் தொட்டுப் பார்க்கக் கல் எதுவும் கிடைக்காது. கட்டடமே நிலையம். தரையில் நின்று படம் எடுத்துப் பதிவிட்டால் போதும். மேலே ஏற வழி கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

அடுத்தது, மிக அதிகமாக நடக்கும் குழப்பம். வயல் மூலையில் நடப்பட்ட கல்லைப் பார்த்துவிட்டு "பழைய சர்வே மார்க்கர் கிடைத்தது" என்று பதிகிறார்கள். அது வருவாய்த் துறையின் புல எல்லைக் கல். ஊர் எல்லை மூன்று சேரும் இடத்தில் சற்றுப் பெரிதாக நிற்பது முச்சந்திக் கல். ரிசர்வ் காட்டு எல்லையில் எண் போட்டு நிற்பது வனத்துறைக் கல். மதகின் மேல் சிவப்புப் பெயிண்டில் டி.பி.எம். என்று எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு வேலைக்காகப் போட்ட தற்காலிக மட்டக்குறி. இவை எதுவும் ஜி.டி.எஸ். அல்ல. பழையவை என்பதால் இவற்றையும் தேடிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பெயர் மாற்றி எழுதக் கூடாது. எல்லைக் கல்லை அசைத்தால், பக்கத்தில் மண்ணைக் கிளறினால், அது இரண்டு குடும்பங்களுக்கு நடுவே பல ஆண்டு வழக்காக முளைக்கும். 1923ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கற்களுக்குப் பாதுகாப்பு உண்டு. எல்லைக் கல்லைக் குனிந்து பார்க்கும் அந்நியரை நிலத்துக்காரர் சந்தேகப்பட்டால் அது நியாயமே. முதலில் அவரிடம் போய்ப் பேசிவிட்டுப் பிறகு கல்லைப் பாருங்கள்.

இனி, அச்சுத் தொகுதியில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு வருவோம். அதைக் கைபேசியில் அப்படியே தட்டிவிட்டு, அம்பு காட்டும் இடத்தில் நின்று "இல்லை" என்று எழுதிய பதிவுகளே அதிகம். பிழை மூன்று இடங்களில் நுழைகிறது.

முதலாவது, பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட கணக்கு. பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் கைபேசி பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் இன்றைய ஜி.பி.எஸ். கணக்கு. ஒரே எண்ணை இரண்டிலும் குறித்தால் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். செயலியில் எவரெஸ்ட் என்று தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரில் பல நாட்டுக்குப் பல அளவுருக்கள் உண்டு, இந்தியாவுக்குரியதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பிழை கூடவும் செய்யும். இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. பழைய ஷீட்டில் குறியைச் சுற்றி நான்கு பக்கமும் இன்றும் மாறாத நான்கு இடங்களைப் பிடியுங்கள்: கோயில், ஏரிக் கலிங்கல், ரயில் பாலம், பாறை உச்சி. அவற்றின் இன்றைய இடத்தோடு ஷீட்டைப் பொருத்துங்கள். நான்கும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அதுதான் அந்த ஷீட்டின் திருத்தம். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அந்த இடத்தை நீங்கள் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது பொறி தீர்க்கரேகையில் மட்டும் இருக்கிறது. அளவையின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தைத் தொடக்கமாகக் கொண்டவை. அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியபடி, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அதன் தீர்க்கரேகைக்கு அந்நாளில் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்று அதிகம் என்று பின்னால் தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சான பல வரைபடங்களிலும் தொகுதிகளிலும் சுமார் 2 நிமிடம் 27 விநாடி கழிக்க வேண்டும். நம் அட்சரேகையில் அது நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. கழிக்காமல் போட்டால் சென்னைக் கரையோரக் குறி வங்கக் கடலுக்குள் போய் விழும். கடலில் விழுந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். உள்நாட்டில் அது பக்கத்துக் குன்றின் மேல் விழும், நீங்களும் நம்பி ஏறிவிடுவீர்கள். ஷீட்டின் ஓரத்தில் தீர்க்கரேகைத் திருத்தம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது பொறி வெறும் கைப்பிழை. 13 பாகை 5 நிமிடம் 30 விநாடியை 13.0530 என்று தட்டிவிடுகிறார்கள். சரியான மதிப்பு 13.0917. இரண்டுக்கும் நடுவே நாலேகால் கிலோமீட்டர்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் வரைபடம் ஒரு எல்லைக்கு மேல் உதவாது. 1:50,000 ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். பழைய ஒரு அங்குல ஷீட்டில் 63 மீட்டர். முக்கோணத்துக்குள் புள்ளி வைத்த நிலையக் குறியின் அகலமே தரையில் நூறு மீட்டர் பிடிக்கும். ஷீட் உங்களைச் சரியான உச்சிக்கோ சரியான பாலத்துக்கோ கொண்டுபோய் விடும். அதன் பிறகு வழிகாட்டுவது சொல்விவரம்.

அச்சுத் தொகுதிகளில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மட்டக்குறிக்கும் சில வரி விவரம் இருக்கும். எந்த ஊருக்கு எந்தத் திசையில், எந்தக் கட்டடத்தின் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி. இந்த வரிகள்தான் தங்கம். எங்களைக் கேட்டால், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு 30 மீட்டர் டேப்பைக் கையில் எடுங்கள் என்போம். விவரத்தில் 212 அடி என்றிருந்தால் 64.6 மீட்டர். சங்கிலி என்று வந்தால் நிதானியுங்கள். நிலஅளவைச் சங்கிலி 66 அடி, பொறியாளர் சங்கிலி 100 அடி. 8 சங்கிலி என்பது முன்னதில் 161 மீட்டர், பின்னதில் 244 மீட்டர். எது என்று தெளிவாக இல்லையென்றால் இரண்டு தூரத்திலும் தேடுங்கள். "மைல் 17, பர்லாங் 3" என்றால் 17.375 மைல், அதாவது 27.96 கிலோமீட்டர். ஆனால் இன்றைய கிலோமீட்டர் கல்லை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள். புறவழிச்சாலை வந்து நீளம் மாறியிருக்கும், தொடக்கப் புள்ளியும் மாறியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் உள்ள பழைய செங்கல் வளைவுப் பாலத்தையோ ரயில்வே கேட்டையோ பிடித்து, அங்கிருந்து அளந்து வாருங்கள்.

சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு அளப்பது இன்னொரு வழக்கமான தவறு. பழைய தூரங்களைக் கிடைமட்டமாகக் கொள்ள வேண்டும். 10 பாகைச் சரிவில் 30 மீட்டருக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர் தப்பும். டேப்பை இடுப்பு உயரத்தில் மட்டமாக இழுத்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஐந்தைந்து மீட்டராக அளந்து இறங்குங்கள். திசைகாட்டிப் பிழை பெரிதில்லை. முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள காந்த விலக்கம் தமிழ்நாட்டில் இப்போது சுமார் இரண்டு பாகைதான், 30 மீட்டரில் அது ஒரு மீட்டர் விலகல். ஆனால் சேலம் கஞ்சமலை போன்ற இரும்புத்தாது மலைகளில் முள் கண்டபடி திரும்பும். அங்கே சூரியனையோ தெரிந்த இரண்டு உச்சிகளையோ வைத்துத் திசை எடுக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களைப் பற்றித் தமிழர்களுக்கே உள்ள ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். அளவை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ழ, ள, ல மூன்றும் ஒன்றாகின. கருங்குழி "காரங்கூலி" ஆயிற்று. பெரும்பாக்கம் "பெரும்பாக்" ஆயிற்று. திருவந்திபுரம் "திரிவந்தேபோரம்" என்று கிடக்கிறது. கண்ணால் படித்தால் புரியாது. வாய்விட்டு, வேகமாக, வெள்ளைக்காரர் உச்சரிப்பில் நாலுமுறை சொல்லிப் பாருங்கள், ஊர் தானே எழுந்து வரும். ஷீட்டில் அந்த வட்டாரத்துக் குக்கிராமப் பெயர்களை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரிடம் "ஜி.டி.எஸ். ஸ்டேஷன் எங்கே" என்று கேட்டுப் பயனில்லை. "உச்சியில் கல் அடுக்கி மேடை மாதிரி ஏதாவது இருக்கா" என்று கேளுங்கள்.

மலை உச்சிக்கு வந்துவிட்டீர்கள். எல்லோரும் நேராகக் கோயில் இருக்கும் உயரமான உச்சிக்குப் போவார்கள். நிலையம் அங்கேதான் இருக்க வேண்டும் என்றில்லை. அதை நிறுவியவர்களுக்கு உயரத்தைவிடப் பார்வை முக்கியம். பக்கத்து நிலையங்கள் அத்தனையும் தெரிய வேண்டும். முக்கோண விளக்கப்படத்தில் உங்கள் நிலையத்திலிருந்து எந்தெந்த மலைகளுக்குக் கோடு போகிறது என்று பார்த்து, அந்தத் திசைகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஏறுங்கள். நிற்கும் இடத்திலிருந்து ஒரு திசையைப் பக்கத்துப் பாறை மறைத்தால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள். மரம் மறைத்தால் அது கணக்கில்லை, அந்நாளில் வெட்டி வழி திறந்திருப்பார்கள். இந்த ஒரு சோதனை, எந்தச் செயலியும் தராத துல்லியத்தை உச்சியில் தரும்.

நிலையம் எப்படி இருக்கும்? பாறையிலோ பதித்த கல்லிலோ ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி. அதுதான் குறி. அதன் மேல் தியோடலைட் நிற்கும் அளவுக்குக் கற்கட்டுத் தூண், தூணைச் சுற்றிப் பார்ப்பவர் நிற்கக் கல்லும் மண்ணும் கொண்ட மேடை. மேடைக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள், ஆள் கால் மாற்றி நின்றால் கருவி அசையக் கூடாது என்பதற்காக. தூணின் மேல்முகத்திலும் கீழே உள்ள குறிக்கு நேர் செங்குத்தாக இன்னொரு குறிக்கல் வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிக் கற்குவியல் எழுப்பி, ஊர் அதிகாரியிடம் காவலுக்கு ஒப்படைத்தார்கள். ஆகவே உச்சியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சரிந்த கற்குவியலாகத்தான் இருக்கும். குறி அதற்கு அடியில்.

இங்கேதான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். கற்குவியலைப் பிரிக்காதீர்கள். தோண்டாதீர்கள். மேற்குறி போனாலும் கீழ்க்குறி தப்பட்டும் என்றுதான் இரண்டாக வைத்தார்கள். மேலே உள்ள கல்லை நகர்த்தினால் செங்குத்துத் தொடர்பு அறுந்துவிடும். நகர்த்திய கல்லைத் திரும்ப வைத்தாலும் அது சான்றாகாது, அடுத்து வருபவருக்குப் பொய் சொல்லும் கல்லாகிவிடும். மேடையின் வடிவம், தூணின் விளிம்பு, சுற்று இடைவெளி, திசைகள் இவை பொருந்தினாலே "நிலையம் காணப்பட்டது, குறி மூடப்பட்டுள்ளது" என்று முழு மனத்தோடு எழுதலாம். அது குறையான பதிவு அல்ல.

பாறையில் வெளிப்படையாக இருக்கும் குறியைக் காண வெளிச்சம் வேண்டும், அதுவும் சாய்வான வெளிச்சம். நண்பகலில் கண்முன்னே இருக்கும் வட்டம்கூடத் தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ பாருங்கள். வேறு நேரம் என்றால் குடையால் நிழல் கட்டி, டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்தி, நான்கு பக்கத்திலிருந்தும் அடியுங்கள். பாசியோ மண்ணோ படிந்திருந்தால் தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அமிலம், உளி எதுவும் கூடாது. சாக்பீஸால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். நீங்கள் கோடு என்று நினைத்து நிரப்பியது பாறை வெடிப்பாக இருக்கலாம், படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் போன்ற கடினப் பாறையில் வெட்டு நன்றாகத் தாங்கும். ஏடு ஏடாக உரியும் நைஸ் பாறையில் மேல்தோலோடு எழுத்தும் போயிருக்கும். அங்கே பென்சில் தேய்த்துப் படி எடுக்கவும் வேண்டாம்.

சரியான இடம் என்று தெரிந்தும் குறி அகப்படவில்லை என்றால் முறையாகத் தேடுங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட 10 மீட்டர் கயிறு. ஒருவர் நடுவில் நிற்க, மற்றவர் முதல் முடிச்சில் ஒரு சுற்று, இரண்டாம் முடிச்சில் ஒரு சுற்று என்று விரிந்து போக வேண்டும். 10 மீட்டர் ஆரம் என்றால் 314 சதுர மீட்டர். மனம்போன போக்கில் சுற்றினால் பாதி இடம் விட்டுப்போகும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

மட்டக்குறிகள் எளிது என்று தோன்றும். உண்மையில் அவைதான் வேகமாக அழிகின்றன. 1858இல் தொடங்கிய, உயரங்களை அளக்கும் மட்ட அளவை பிரதான சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஒட்டிச் சென்றது. படி, கட்டட அடித்தளம், பாலத்தின் கைப்பிடிச்சுவர் ஆகியவற்றில் ஜி.டி.எஸ்., பி.எம். என்று ஆங்கில எழுத்துகளையும், அளவுகோல் ஊன்றிய இடத்தில் சிறு சதுரத்தையோ வட்டத்தையோ வெட்டினார்கள். சாலை அகலமானால் பாலம் போகும். அகலமாகாவிட்டாலும் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, கீழ்ப்படி மண்ணுக்குள் போகும். கட்டடத்தில் இருப்பது சுண்ணாம்பு அடித்து அடித்து நிரம்பியிருக்கும். விரலால் மெல்லத் தடவினால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும். சுரண்ட வேண்டாம். "சுண்ணாம்பு மூடியுள்ளது, தடவினால் உணர முடிகிறது" என்று எழுதுங்கள்.

உயரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுக் கல்லை அடையாளம் காண முயல்வது வீண். சில செயலிகள் கடல்மட்ட உயரத்தைத் தராமல் நீள்வட்டத்திலிருந்து உயரத்தைத் தருகின்றன. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் வித்தியாசம் 80 முதல் 100 மீட்டர். மெரினா மணலில் நின்றால் அவை மைனஸ் எண்பதுக்கும் கீழே காட்டும். அதேபோல் ஒரே கல்லின் உயரம் இரண்டு பதிப்புகளில் சற்று மாறியிருந்தால் கல் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகக் கடல்மட்டங்களைக் கொண்டு 1909இல் நாடு முழுமைக்கும் மட்டவலை சரிசெய்யப்பட்டது, எண்கள் அதில் மாறும். எந்தப் பதிப்பின் எண், அடியா மீட்டரா என்பதைச் சேர்த்து எழுதினால் போதும். ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரம் மட்டக்குறி அல்ல. ஆனால் அருகில் மட்டக்குறி இருந்தால் உயரம் பொருந்துகிறதா என்று தோராயமாகப் பார்க்க உதவும்.

பதிவு எழுதும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நல்ல பதிவைப் படித்து, அந்த ஊருக்கே போகாத ஒருவர் பத்து ஆண்டு கழித்து நேராகக் குறியின் மேல் விரல் வைக்க முடிய வேண்டும். ஆயத்தொலைவு கொடுங்கள், தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஒரு மீட்டர். ஒரு நொடியில் எடுத்த எண்ணை நம்பாமல் பத்து நிமிடம் கைபேசியைக் குறியின் மேல் வைத்துச் சராசரி எடுங்கள். ஆனால் அதைவிட மேலானது மூன்று டேப் தூரங்கள். அசையாத மூன்று பொருள்களிலிருந்து, ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில். ஏன் மூன்று? இரண்டு தூரம் மட்டும் இருந்தால் அவை இரண்டு இடங்களில் சந்திக்கும், மூன்றாவதுதான் எது சரி என்று தீர்க்கும். மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் பயன் குறைவு, சுற்றிலும் பரந்திருக்கட்டும். மின்கம்பம், வேலி, மரம் வேண்டாம். பாறை விளிம்பு, கட்டட மூலை, கிணற்றுச் சுவர் நல்லது. படம் மூன்று: அளவுகோல் வைத்து நேர் மேலிருந்து ஒன்று, ஐந்து மீட்டர் தள்ளி ஒன்று, தொலைவிலிருந்து சூழலோடு ஒன்று, எந்தத் திசை நோக்கி எடுத்தது என்ற குறிப்போடு. எழுத்து சிதைந்திருந்தால் தெரிவதை மட்டும் எழுதுங்கள். போனதை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

"காணவில்லை" என்பதும் "அழிந்துவிட்டது" என்பதும் ஒன்றல்ல. அமெரிக்கப் பட்டியலில் இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள், அழிந்ததற்குச் சான்று காட்டாமல் அப்படிப் பதிய விடமாட்டார்கள். நாமும் அப்படியே செய்வோம். பாலம் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டிருந்தால், உச்சியே கல் குவாரியில் போயிருந்தால், குறி வெட்டிய கல் பெயர்ந்து கிடப்பதைக் கண்ணால் கண்டால், அப்போது "அழிந்தது" என்று எழுதுங்கள். மற்ற எல்லாம் "காணவில்லை". அதோடு எந்த விவரத்தை வைத்துத் தேடினீர்கள், எத்தனை மீட்டர் ஆரம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், புல் எவ்வளவு உயரம் என்பதையும் எழுதுங்கள். இவை உள்ள "காணவில்லை" பதிவு அடுத்தவருக்கு ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். இவை இல்லாத பதிவைப் படித்துவிட்டு, இருக்கும் குறியையும் யாரும் தேடாமல் விட்டுவிடுவார்கள்.

ஆளில்லாத மலை நிலையங்களுக்குத் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். வட்டமும் புள்ளியும் கண்டவுடன் புதையல் அடையாளம் என்று கடப்பாரை எடுக்கிறவர்கள் உண்டு. பொதுப்பதிவில் மலையின் பெயரும் நூறு மீட்டர் தோராயமும் போதும். முழு விவரத்தை ஒரு தாளில் வைத்திருந்து, தேடுபவர் யார் என்று தெரிந்த பிறகு கொடுங்கள். பாலத்திலும் அரசுக் கட்டடத்திலும் உள்ள மட்டக்குறிக்கு இந்த மறைப்பு வேண்டியதில்லை. அங்கே நாலு பேருக்குத் தெரிவதே பாதுகாப்பு, இடிக்கும் முன் ஒருவராவது பொறியாளரிடம் சொல்வார்.

அனுமதி விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ரிசர்வ் காடு என்றால் வனத்துறை அனுமதி, பட்டா நிலம் என்றால் உரிமையாளர் அனுமதி, ராணுவ எல்லைக்குள் என்றால் போகவே வேண்டாம். பரங்கிமலையைச் சுற்றியே ராணுவப் பகுதி இருக்கிறது, நினைவிருக்கட்டும். தொல்லியல் துறைச் சின்னத்தில் தண்ணீர், தூரிகை, காகிதம் எதுவும் படக் கூடாது, கண்ணால் மட்டும் பாருங்கள். மலைத்தேனீ அடை உள்ள பாறைக்குக் கீழே சத்தமும் புகையும் வாசனைத் திரவியமும் கூடாது. இடி கேட்டால் உச்சியை விட்டு உடனே இறங்குங்கள், குறி எங்கும் போகாது.

டப்பாவும் வைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உள்ள குறியைத் தேடலின் முதல் கட்டமாக ஆக்குங்கள். கல்லில் வெட்டிய ஆண்டையோ எழுத்துகளின் எண்ணிக்கையையோ படித்தால்தான் அடுத்த இடத்தின் எண்கள் கிடைக்கும்படி கணக்கு அமையுங்கள். டப்பா கீழே அடிவாரத்தில், குறியிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அங்கே அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கிளறலாம். குறிக்குப் பக்கத்தில் எதையும் ஒளிக்காதீர்கள். தேடி வருபவர் முதலில் கை வைக்கும் இடம் கற்குவியல்தான்.

ஏற்கெனவே நிலையக் கற்குவியலுக்குள் டப்பா வைத்திருப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். டப்பாவுக்காக நீங்கள் நகர்த்திய கற்கள் எவை என்று நினைவிருந்தால் படத்தில் குறியுங்கள். அவற்றை ஊகத்தில் திரும்ப அடுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே விடுங்கள். பிறகு அந்த டப்பாவின் இணையப் பக்கத்தில் "எடுக்கப்பட்டது" என்பதோடு, எந்தக் கல் எப்போது நகர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
தென்னிந்தியாவின் பழைய அளவைக் குறிகளைத் தேடிப் பதிவு செய்வோர்